சைக்காலஜி எடுக்கலாமா, வேணாமா?

பத்தாவது பரீட்சை முடிஞ்ச நாள்ல இருந்து பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "பதினொண்ணுல என்ன குரூப்?" மளிகைக் கடை அண்ணாச்சி கூட கேட்டுட்டார். "பயாலஜி-மேத்ஸ்"னு சொன்னா "டாக்டரா?"ங்கறாங்க. "கம்ப்யூட்டர் சயின்ஸ்"னு சொன்னா "ஐ.டி.யா?"ங்கறாங்க. ஒரு நாள் சும்மா "சைக்காலஜி"ன்னு சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி ரெண்டு செகண்ட் என்னையே பார்த்துட்டு, "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்க்கலாம்"னார். :-)

சும்மா சொன்னேன்னு எழுதினாலும் அது சும்மா இல்ல. ரெண்டு மாசமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற விஷயம். யோசிச்சதை எல்லாம் வரிசையா எழுதி வைக்கிறேன். நம்ம க்ளாஸ்ல இன்னும் ரெண்டு பேருக்கு இதே ஆசை இருக்குன்னு தெரியும். முகம் தெரியாத யாருக்காவது பயன்பட்டாலும் சந்தோஷம்.

முதல்ல நம்ம ஊர் நிலவரம். பிள்ளைப்பாக்கம் எங்கேன்னு கேட்கிறவங்களுக்கு: ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல. ஒரு பெரிய ஏரி, அதைத் தாண்டினா சிப்காட். இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், அந்தப் பக்கம் ஒரகடம், நடுவுல முழுக்க கம்பெனி. காலையில 5 மணிக்கு ரோட்டுல நின்னா ஸ்கூல் பஸ்ஸை விட கம்பெனி பஸ்தான் ஜாஸ்தி. இங்க பிள்ளைங்களுக்கு எல்லாரும் சொல்ற வழி ரொம்ப சுலபம். ஐ.டி.ஐ., டிப்ளமா, இல்லேன்னா பி.இ. "வாசல்லயே வேலை இருக்கும்போது வேற என்னத்துக்கு யோசிக்கிற?" இதைச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எங்க அப்பாவே ஒரு பார்ட்ஸ் கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருக்கார். பர்மனென்ட் ஆனவங்க எல்லாம் டிப்ளமா முடிச்சவங்கன்னு அவருக்கு கண்ணு முன்னாடி தெரியுது. அதனால சொல்றார்.

சைக்காலஜி மேல எனக்கு ஏன் ஆசை?

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒண்ணுல லைன்ல வேலை. போன வருஷம் அவங்களுக்கு தூக்கம் போச்சு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாலும் தூங்கல, லீவு நாள்லயும் தூங்கல. அப்புறம் பேச்சு குறைஞ்சது. அப்புறம் சாப்பாடு. எப்பவும் சத்தமா சிரிக்கிற ஆள், மூணு வாரம் சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. பெரியம்மா மந்திரிச்சாங்க. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க. யாரோ காத்து கருப்புன்னாங்க, யாரோ கல்யாணம் பண்ணிட்டா சரியாயிடும்னாங்க.

கடைசியில ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்த டாக்டர்தான் எழுதிக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அங்க ரெண்டு பேரைப் பார்த்தோம். ஒருத்தர் மாத்திரை எழுதினார். அவர் சைக்கியாட்ரிஸ்ட், மனநல மருத்துவர். இன்னொருத்தர் ஒரு மணி நேரம் அக்கா கூட பேசிட்டே இருந்தாங்க. அவங்க சைக்காலஜிஸ்ட், உளவியலாளர். மாத்திரை எழுத மாட்டாங்களாம். அக்கா அன்னிக்கு வெளிய வந்ததும் "டீ வாங்கிக் குடுடீ"ன்னு கேட்டாங்க. மூணு வாரத்துல தானா கேட்ட முதல் விஷயம் அது. இப்ப நல்லா இருக்காங்க, வேலைக்கும் போறாங்க. அக்காகிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதறேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்"னாங்க.

அந்த ஒரு மணி நேரத்துல உள்ள என்ன நடந்தது? பேசறதுக்கும் ஒரு படிப்பு இருக்கா? அங்க ஆரம்பிச்சதுதான் இந்த ஆசை.

சைக்காலஜில என்னதான் இருக்கு?

எங்க ஸ்கூல் கவர்மெண்ட் ஸ்கூல். ஆறாவதுல இருந்து அங்கதான் படிக்கிறேன். அங்க இருக்கிற குரூப் எதுலயும் சைக்காலஜி கிடையாது. சி.பி.எஸ்.இ.ல 11, 12 ரெண்டுலயும் அது ஒரு விருப்பப் பாடம். தியரி 70 மார்க், பிராக்டிகல் 30. இந்தப் பக்கம் இருக்கிற ஒரு சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பதிலா அதை எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. (பேர் வேணாம், விட்டுடுங்க.)

என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் நெட்ல இலவசமா கிடைக்குது. அப்பா போன்ல இறக்கிப் படிச்சுப் பார்த்தேன். இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா விஷயம் அள்ளிக்கிட்டுப் போகுது.

மனசைப் படிக்கிறது, ஹிப்னாடிசம், கனவுக்கு பலன் இதெல்லாம் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. 11வது புத்தகத்துல ரெண்டாவது பாடமே ஆராய்ச்சி எப்படி பண்றதுன்னுதான். கவனிக்கிறது, சோதனை பண்றது, கேள்வித்தாள் கொடுத்து சர்வே எடுக்கிறது, ரெண்டு விஷயம் சேர்ந்து மாறினா ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு அவசரப்பட்டு சொல்லிடக் கூடாதுங்கிறது... கிட்டத்தட்ட சயின்ஸ் லேப் மாதிரி. அப்புறம் மனுஷன் குழந்தையில இருந்து வளர்றது, கண்ணு காது மூலமா உலகத்தைப் புரிஞ்சுக்கிறது, கத்துக்கிறது, ஞாபகம், சிந்தனை, உணர்ச்சி. 12வதுல புத்திசாலித்தனம், ஆளுமை, மன அழுத்தம், மனக் கோளாறுகள், சிகிச்சை முறைகள், ஒரு கூட்டத்துல சேர்ந்தா மனுஷன் எப்படி மாறுறான்னு. பிராக்டிகல்ல சக மாணவர்களுக்கு சைக்காலஜி டெஸ்ட் வைக்கணும், ஒரு ஆளைப் பற்றி கேஸ் ப்ரொஃபைல் எழுதணும்.

ஞாபகம் பற்றிய பாடத்துல எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் வர்றார். அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்களை தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன் மேலயே சோதனை பண்ணி 1885ல புத்தகமா போட்டார். மறதி முதல் சில மணி நேரத்துலதான் வேகமா நடக்குது, அப்புறம் மெதுவாகுது. இதைப் படிச்சதும் இதே விஷயத்துல வேற என்ன இருக்குன்னு தேடினேன். 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சது. இன்னொரு குழு படிச்சதை மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா முதல் குழு ஜெயிச்சது. ஒரு வாரம் கழிச்சு வச்சா ரெண்டாவது குழு ஜெயிச்சது. "படிச்சேன் டீச்சர், மறந்துடுச்சு"ன்னு நாம சொல்றோமே, அது பொய் இல்லன்னு இதுல தெரியுது. எழுதிப் பார்க்கச் சொல்ற நம்ம கணக்கு சார் சொல்றதும் சரிதான்னு தெரியுது. (சார், இதைப் படிச்சீங்கன்னா எனக்கு போனஸ் மார்க் உண்டா?)

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கு. சிகாகோ பக்கத்துல ஹாதார்ன்னு ஒரு தொழிற்சாலை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோடது. டெலிபோன் சாமான் செய்யற இடம். 1924ல அங்க ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. வெளிச்சத்தைக் கூட்டினா வேலை வேகமா நடக்குமா? வெளிச்சத்தைக் கூட்டின இடத்துல வேலை கூடுச்சு. ஆனா கூட்டாத இடத்துலயும் கூடுச்சு. குழம்பிப் போய், 1927ல சில பொண்ணுங்களை மட்டும் தனி ரூம்ல உட்கார வச்சாங்க. ரிலேன்னு சொல்ற சின்ன சாமானை அவங்க கோக்கணும். ஓய்வு நேரம் கொடுத்தாங்க, உற்பத்தி கூடுச்சு. வேலை நேரத்தைக் குறைச்சாங்க, அப்பவும் உற்பத்தி பெருசா விழல. கொடுத்த சலுகையை எல்லாம் எடுத்துட்டு பழையபடி வேலை வாங்கினாங்க, அப்பவும் பழைய அளவுக்கு மேலேயே இருந்தது. எல்டன் மேயோ மாதிரி ஆளுங்க, "தங்களை யாரோ கவனிக்கிறாங்க, மதிக்கிறாங்கங்கிற உணர்வுதான் காரணம்"னு சொன்னாங்க. அதுல இருந்துதான் ஹாதார்ன் விளைவுங்கிற பேர் வந்தது.

கதை அதோட முடியல. பின்னாடி வந்தவங்க அந்தக் கணக்கை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. நடுவுல, 1928ல, ரெண்டு பொண்ணுங்களை மாத்திட்டு வேற ரெண்டு பேரை உட்கார வச்சிருக்காங்க. கூலியும் அந்த சின்னக் குழுவோட உற்பத்தியை வச்சுக் கொடுத்திருக்காங்க. அப்ப உற்பத்தி கூடினது கவனிப்பாலயா, காசாலயா, வேகமான ஆளுங்க வந்ததாலயா? இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறாங்க.

இதை அக்காகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "சூப்பர்வைசர் வந்து பின்னாடி நின்னா கை தானா வேகமா போகும்டி. ஆனா அது மதிப்பாலன்னு யாரு சொன்னா? பயத்தால"ன்னாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி போன் சாமான் கோத்த பொண்ணுங்ககிட்ட கேட்ட கேள்வியை, இன்னிக்கு போன் கோக்கிற பொண்ணு ஒரே வரியில கேள்வி கேட்டுட்டாங்க! நம்ம காரிடார்ல எத்தனை ஆயிரம் பொண்ணுங்க வேலை செய்யறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல சிப்காட் திறந்த தங்குமிடம் மட்டுமே 18,720 பேருக்கு. அது ஒரு சின்ன டவுன். அத்தனை பேரும் வீட்டை விட்டு வந்த 18, 20 வயசுப் பொண்ணுங்க. ஷிஃப்ட் மாறும்போது தூக்கம் என்ன ஆகுது, தனியா இருக்கும்போது மனசு என்ன ஆகுதுன்னு கேட்கிறதுக்கு அங்க ஆள் வேணாமா?

தேசிய அளவுல நிம்ஹான்ஸ் 2015-16ல ஒரு பெரிய மனநல சர்வே பண்ணினாங்க. பெரியவங்கள்ல சுமார் 10.6 சதவீதம் பேருக்கு அப்போ ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பத்துல ஒருத்தர். அவங்கள்ல சிகிச்சை கிடைக்காதவங்க, நோயைப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் வரை. எங்க அக்கா மீதி இருக்கிற அந்தக் கொஞ்ச பேர்ல ஒருத்தங்க. கிடைக்காம போனா என்ன ஆகும்கிறதுக்கு ஏர்வாடி இருக்கு. 2001 ஆகஸ்ட் 6ம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியால கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம செத்துப் போனாங்க. சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்து விட்டவங்க. எங்க பெரியம்மா எலுமிச்சம்பழம் சுத்தினதும், அவங்க அங்க கொண்டு போய் விட்டதும், ரெண்டுமே வேற வழி தெரியாம பண்ணினதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. டாக்டர் சாரதா மேனன். நாட்டோட முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்வாங்க. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961ல இருந்து கண்காணிப்பாளரா இருந்தவங்க. 1984ல சென்னையில ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினாங்க. 2021ல, 98 வயசுல இறந்தாங்க. அவங்களைப் பற்றிப் படிச்ச அன்னிக்கு "நானும்"னு நோட்டுல எழுதி வச்சேன்.

அப்ப எடுத்துட வேண்டியதுதானே?

இங்கதான் சிக்கல். ஆசையை ஓரமா வச்சுட்டு ஒரு பேப்பர்ல கணக்கு போட்டேன்.

1. ஃபீஸ். சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸ், வேன், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்தா அப்பாவோட பல மாச சம்பளம். அம்மா "செயின் இருக்கு"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, "ஓ.டி. பார்த்துக்கலாம்"னார். எனக்கு ரெண்டுமே பிடிக்கல.

2. 7.5 சதவீதம். இதை நிறைய பேர் யோசிக்கிறதில்ல. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்தது. 2021ல பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இதுக்கெல்லாம் வந்தது. அந்த ஒதுக்கீட்டுல போறவங்களுக்கு ஃபீஸை அரசாங்கமே கட்டும்னும் அப்போ அறிவிச்சாங்க. கடைசி ரெண்டு வருஷம் தனியார் ஸ்கூலுக்குப் போயிட்டா? முன்னாடி படிச்ச அஞ்சு வருஷமும் போச்சு. கணக்குலயே வராது.

3. மாசம் 1000 ரூபாய். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச புதுமைப் பெண் திட்டம். காலேஜ் போகும்போது கிடைக்கிறது. அதுக்கும் அரசுப் பள்ளி படிப்புதான் அடிப்படை.

இந்த மூணையும் எழுதிட்டு ரெண்டாவதையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன். ஏன்னா ஆஸ்பத்திரியில பார்த்த ரெண்டு பேர்ல, மாத்திரை எழுதினவர் ஆகணும்னா முதல்ல எம்.பி.பி.எஸ்., அப்புறம் மனநலத்துல எம்.டி. அதுக்கு நீட் எழுதணும், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும். எங்க வீட்டு நிலைமையில நான் டாக்டர் சீட்டு பற்றி யோசிக்கவே முடியறதுக்குக் காரணம் அந்த 7.5 சதவீதம். ஆக, ரெண்டு வருஷம் ஸ்கூல்ல சைக்காலஜி படிக்கிறதுக்காக சைக்கியாட்ரிஸ்ட் ஆகிற வாய்ப்பை விட்டுக் கொடுக்கணும்! இப்படி ஒரு கூத்தை யாராவது சொல்லியிருக்காங்களா?

சரி, டாக்டர் வேணாம், பேசின அந்த ரெண்டாவது ஆள் மாதிரி ஆகணும்னா? அதையும் விசாரிச்சேன். காலேஜ்ல பி.எஸ்ஸி. சைக்காலஜி சேர்றதுக்கு பன்னிரண்டாவதுல சைக்காலஜி படிச்சிருக்கணும்னு பெரும்பாலும் கேட்கிறதில்ல. எந்த குரூப் படிச்சிருந்தாலும் சேரலாம். சென்னையில மாநிலக் கல்லூரி, விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் மாதிரி இடங்கள்ல சைக்காலஜி இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். தினமும் போயிட்டு வர்றவங்க இருக்காங்க.

ஆனா டிகிரி முடிச்ச உடனே போர்டு மாட்டிட முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு தொழில் பண்ணணும்னா ஆர்.சி.ஐ.ன்னு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணணும். டிகிரி 3 வருஷம், பி.ஜி. 2 வருஷம், அதுக்கு மேல எம்.ஃபில். 2 வருஷம்னு ஏழு வருஷப் பாதைதான் ரொம்ப காலமா இருந்தது. 2024ல இருந்து புதுப் பாடத்திட்டங்களும் கொண்டு வந்திருக்காங்க. எப்படி இருந்தாலும் நீளமான ரோடு. அஞ்சல் வழியில வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம்னு அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. 2025ல யு.ஜி.சி. சைக்காலஜி மாதிரி படிப்புகளை தொலைதூர, ஆன்லைன் வழியில நடத்த வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆளைப் பார்த்து, பிராக்டிகல் பண்ணி கத்துக்க வேண்டியதுன்னு அதுல நியாயம் இருக்கு. ஆனா ஷிஃப்ட்ல இருக்கிற எங்க அக்கா மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கதவு மூடிடுச்சு. அவங்க முகம் அன்னிக்கு வாடினது எனக்கு ஞாபகம் இருக்கு. அதனாலயே என் முடிவை நான் லேசா எடுக்க முடியல.

மத்தவங்க என்ன சொன்னாங்க?

அப்பா: "நீ எது படிச்சாலும் சரிம்மா. ஆனா பாதியில நிக்கிற மாதிரி ஆகக் கூடாது."

அம்மா: "பைத்தியத்தோட பழகினா உனக்கும் ஒட்டிக்கும்." (அக்கா பக்கத்துலயே உட்கார்ந்து முறைச்சாங்க. அம்மா உடனே காபி போடப் போயிட்டாங்க.)

தமிழ் டீச்சர்: "அகம், புறம்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மனசுக்கு இலக்கணம் எழுதின மொழி. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயலே இருக்கு, எடுத்துப் பாரு." எடுத்துப் பார்த்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு உணர்ச்சி, ஒவ்வொண்ணுக்கும் நாலு காரணம். உணர்ச்சி பற்றிய பாடம் ஏற்கனவே வீட்டு அலமாரியில இருக்கு!

அக்கா: "எனக்கு அன்னிக்கு பேசினவங்க எங்க ஸ்கூல் படிச்சாங்கன்னு நான் கேட்கல. நான் பேசறதைக் காது கொடுத்துக் கேட்டாங்க, அவ்வளவுதான்."

கடைசியில கொஞ்சம் தெளிஞ்சதுக்கு அக்கா சொன்னதுதான் காரணம்.

என் முடிவு

சைக்காலஜிக்காக ஸ்கூல் மாறப் போறதில்ல. எங்க ஸ்கூல்லயே பயாலஜி-மேத்ஸ் குரூப். அது ரெண்டு கதவையும் திறந்து வைக்குது. நீட் வந்தா அந்தப் பக்கம், வரலேன்னா பி.எஸ்ஸி. சைக்காலஜி இந்தப் பக்கம். அம்மாவோட செயின் கழுத்துலயே இருக்கும், அப்பா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பார்.

இதுல நஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். சொல்லித் தர்ற டீச்சர் இல்ல. பிராக்டிகல் இல்ல. கேஸ் ப்ரொஃபைல் எழுதி யாரும் திருத்தித் தரப் போறதில்ல. ரெண்டு வருஷம் படிச்சுப் பார்த்து "இது எனக்கு ஒத்து வரல"ன்னு தெரிஞ்சுக்கிற வாய்ப்பும் இல்ல. இப்பவே படிக்கிறவங்க காலேஜ்ல எனக்கு முன்னாடி இருப்பாங்க. சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல ஏற்கனவே படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது வேற: உங்க ஸ்கூல்ல இருந்தா, பயப்படாம எடுங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப்ல மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணுதான் சேரும். அஞ்சாவது பாடம் கம்ப்யூட்டரா சைக்காலஜியாங்கிறது அந்த 200 மார்க்குல வராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் போகக் கூட பன்னிரண்டாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கணும்னு கட்டாயமில்ல. மேத்ஸை விட்டுட்டு அந்த இடத்துல எடுக்கிறதுன்னா மட்டும் நூறு தடவை யோசிங்க. இன்ஜினியரிங் கதவு மூடிடும்.

அதே மாதிரி முடிவு எடுக்க நிக்கிறவங்க மூணு கேள்வி கேட்டுக்குங்க. இதை எடுக்கிறதால எந்தக் கதவு மூடுது? எடுக்கலேன்னா பின்னாடி எடுக்க முடியாம போயிடுமா? இதுக்கான காசை வீட்டுல யார் எதை விட்டுக் கொடுத்துக் கட்டறாங்க? எனக்கு முதல் கேள்விக்கு பெரிய பதில், ரெண்டாவதுக்கு "இல்ல", மூணாவதுக்கு செயினும் ஞாயித்துக்கிழமையும். உங்களுக்கு பதில் வேறயா வந்தா முடிவும் வேறயாத்தான் வரும்.

நான் சும்மா இருக்கப் போறதில்ல. ஏற்கனவே ஒரு டைம்-டேபிள் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம், என்.சி.இ.ஆர்.டி. 11வது புத்தகம், மாசத்துக்கு ஒரு பாடம். என்.ஐ.ஓ.எஸ்.லயும் சைக்காலஜி பாடம் இருக்கு, அவங்க புத்தகமும் நெட்ல இலவசம்தான். ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்ப்பேன் (ரோடிகர் சொன்ன மாதிரி). முதல் மாணவி அக்கா. அவங்க ஷிஃப்ட் இல்லாத ஞாயித்துக்கிழமை நான் படிச்சதை அவங்களுக்குச் சொல்லணும், அவங்க கேள்வி கேட்பாங்க. போன வாரம் கேட்டது: "வாரம் மாத்தி வாரம் ஷிஃப்ட் மாறினா உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் எதைப் பார்த்து நேரம் வச்சுக்கும்?" தெரியல, படிச்சுட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

ஸ்கூல் திறந்ததும் பயாலஜி-மேத்ஸ் ஃபார்ம் கொடுக்கணும். அண்ணாச்சி திரும்பக் கேட்டா "பயாலஜி-மேத்ஸ்"னுதான் சொல்லுவேன். "டாக்டரா?"ன்னு கேட்பார். "ஆமா, மனசுக்கு"ன்னு சொல்லலாம்னு இருக்கேன். :-)

பி.கு: இதைப் படிக்கிற யாருக்காவது தூக்கம் போய், பேச்சு குறைஞ்சு, எதுவும் பிடிக்காம இருந்தா, இல்ல உங்க வீட்டுல யாராவது அப்படி இருந்தா, 14416க்கு கூப்பிடுங்க. டெலி மானஸ், 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயே பேசலாம். எலுமிச்சம்பழம் சுத்திக்கிட்டே கூட கூப்பிடலாம், தப்பில்ல.